டீச்சர் வீட்டு ஜங்ஷன்

மன்னார்குடியில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் 'டீச்சர் வீடு' என்று கை காட்டிவிடுவார்கள். 34 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் டீச்சர். அவர் கணவர் தபால் துறையில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மகனும் மருமகளும் சென்னையில். இவர்களோடு உள் அறையில் டீச்சரின் அம்மா. பாட்டிக்கு வயது 86. போன புரட்டாசியில் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. கண் பேசும், இடது கை பேசும், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டி நன்றாகப் பாடுவார். மேடைப் பாட்டு இல்லை. தாலாட்டு, நலங்கு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரிகூட. "பாடும்மா" என்று எதிரே உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார். பூக் கட்டும்போதும் மொச்சை உரிக்கும்போதும் தானாக வரும். அதனால் டீச்சர் ஒரு தந்திரம் செய்தார். மகன் புது போன் வாங்கியபோது தள்ளிவிட்ட பழைய ஐபோனில் 'வாய்ஸ் மெமோஸ்' என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதைத் தட்டிவிட்டுப் பூக்கூடைக்குப் பின்னால் வைத்துவிடுவார். இப்படி மூன்று வருடத்தில் 212 பதிவுகள். மிக்ஸி சத்தம், காக்கை, பால்காரர் மணி எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் டீச்சர் தமிழாசிரியைக்கே உரிய ஒழுங்கோடு தலைப்பும் கொடுத்திருந்தார்.

பாட்டியின் குரல் நின்றபிறகு அந்த 212 பதிவுகள் மட்டும்தான் மிச்சம்.

இந்த நிலையில் போன் சாகத் தொடங்கியது. சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். டீச்சரும் சாரும் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போனார்கள். சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். பேட்டரியை மாற்றித் தருகிறோம். ஆனால் உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை. தேவைப்பட்டால் எல்லாவற்றையும் அழித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பேக்கப் எடுத்துவிட்டீர்களா? எடுத்துவிட்டால் இங்கே கையெழுத்துப் போடுங்கள்.

டீச்சர் பேனாவைக் கையில் வாங்கினார். வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பேக்கப் எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்றான் மகன். 'ஐகிளவுட்' என்ற ஆப்பிளின் இணையக் கிடங்கில் 5 ஜிபிதான் இலவசம். அது என்றைக்கோ நிரம்பிவிட்டது. வீட்டில் லேப்டாப் இருக்கிறது, அதில் ஐடியூன்ஸ் இருக்கிறது, போன வருடம் தானே ஒருமுறை எடுத்தும் வைத்திருக்கிறான். ஒயரை மாட்டி 'பேக்கப்' என்ற பட்டனை அழுத்தினால் போதும். டீச்சர் அழுத்தினார். நீலக்கோடு கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு கட்டம். இந்தக் கம்ப்யூட்டரில் போதிய இடம் இல்லை, அதனால் பேக்கப் எடுக்க முடியாது.

இங்கே அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2019-ல் வாங்கியது. கொரோனா காலத்தில் டீச்சர் ஆன்லைன் வகுப்பு எடுத்ததும் அதில்தான். அந்தக் காலகட்டத்தில் கடைகளில் விற்ற பல லேப்டாப்புகள் இரட்டைக் குடித்தனமாக இருக்கும். வேகமான, சின்ன எஸ்எஸ்டி ஒன்று. மெதுவான, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. விண்டோஸ் குடியிருப்பது சின்னதில். அதுதான் சி டிரைவ். பெரியது டி டிரைவ். அட்டைப் பெட்டியில் 128 ஜிபி என்று போட்டிருப்பான். திறந்து பார்த்தால் 118 அல்லது 119தான் காட்டும். ஏமாற்று வேலை என்று சார் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. படி ஒன்று, மரக்கால் ஒன்று. நெல் அதேதான்.

டீச்சர் வீட்டு சி டிரைவில் காலியாக இருந்தது 6 ஜிபி. கோடு சிவப்பாகியிருந்தது. டி டிரைவில் 931 ஜிபி. அதில் மகனின் கல்யாண வீடியோவும் சில சினிமாக்களும் போக எல்லாம் காலி. சமையலறையில் காலை வைக்க இடமில்லை, மாடி அறையில் பூனை தூங்குகிறது என்ற கதைதான். அதே வீடு, அதே கூரை. ஆனால் இந்தச் சாமானை மாடியில் வை என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை.

இப்படி ஆகும்போது எல்லோரும் செய்வதைத்தான் டீச்சரும் செய்தார். தன்னுடைய சாமானை முதலில் தூக்கி எறிந்தார். வினாத்தாள்கள், பழைய பாடத்திட்டம், டவுன்லோட்ஸ் போல்டரில் இருந்த பஞ்சாங்கம், எல்லாம் போயின. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தார். 'டிஸ்க் கிளீன்அப்' என்பதை ஓட்டினார். எல்லாம் சேர்த்து 5 ஜிபி கிடைத்தது. 34 வருட உத்தியோகத்தின் எழுத்து வேலை மொத்தமும் ஒரு ஜிபிகூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், "சி டிரைவை ஃபார்மேட் பண்ணிட்டா பளிச்சுனு ஆயிடும் மேடம்" என்றார். எதிர் வீட்டுப் பையன் வந்து, ஐடியூன்ஸிலேயே 'பிரிஃபரன்சஸ்', அதில் 'அட்வான்ஸ்டு' என்று போய் ஏதோ ஒரு போல்டரை டி டிரைவுக்கு மாற்றிவிட்டுப் போனான். மறுபடி பட்டனை அழுத்தினால் மறுபடி அதே கட்டம். அவன் மாற்றியது பாட்டு, சினிமா வைக்கிற போல்டரை. பேக்கப் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பேக்கப்பை எங்கே வைக்கலாம் என்று ஐடியூன்ஸ் யாரையும் கேட்பதில்லை. அதற்கென்று ஓர் அமைப்பும் அதில் கிடையாது. சி டிரைவின் ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு போல்டருக்குள், தானாகக் கொண்டுபோய் வைக்கும்.

"அடுத்த மாசம் வந்து நானே பாத்துக்கறேன்மா. நீங்க எதையும் தொடாதீங்க" என்றான் மகன். அவன் அப்போது வேலை விஷயமாகப் புனேயில் இருந்தான். போன் அதுவரை தாங்குமா என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மருமகள்தான் போன் செய்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஓடியிருந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டையென்று ஒன்றும் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. நல்லா இருக்கீங்களா அத்தை, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது. அன்றைக்கு அவள் நாலாவதாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தை, லேப்டாப் பக்கத்துல இருக்கா? இன்னிக்கே முடிச்சிரலாமா?"

"நான் தொட்டா ஏதாவது ஆயிடாதாம்மா?"

"ஆகாது அத்தை. நான் சொல்ற வரைக்கும் எதையும் அழிக்காம இருந்தா எதுவும் ஆகாது."

சாருடைய போனில் வீடியோ கால் போட்டு, லேப்டாப் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது சாரின் வேலை. அவர் கை வலித்தபோதெல்லாம் மருமகளுக்குச் சீலிங் ஃபேன் தெரிந்தது.

முதலில் அந்த மறைந்த போல்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் இடது மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, 'ஆப்டேட்டா' என்ற சொல் இடைவெளி இல்லாமல், மறுபடி சதவீதக் குறி. என்டர் தட்டினால் ஒரு பெரிய கிடங்கே திறக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் தன் மூட்டை முடிச்சுகளை வைத்திருக்கும் இடம் அது. உள்ளே 'ஆப்பிள் கம்ப்யூட்டர்', அதற்குள் 'மொபைல்சிங்க்', அதற்குள் 'பேக்கப்'. ஐடியூன்ஸை ஆப்பிளின் தளத்திலிருந்து இறக்கியிருந்தால்தான் இந்த வழி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கியவர்களுக்கு, சி டிரைவில் தங்கள் பெயரில் இருக்கும் போல்டருக்குள் 'ஆப்பிள்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'மொபைல்சிங்க்'.

பேக்கப் போல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தார்கள். 38 ஜிபி. போன வருடம் மகன் எடுத்த பேக்கப். சி டிரைவில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தது வினாத்தாளும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை, இதுதான்.

"அப்ப இதை அழிச்சுட்டா இடம் வந்துருமே" என்றார் சார்.

"வேண்டாம் மாமா. இதை அழிச்சாலும் காலி இடம் 49தான் வரும். போன்ல இப்ப இருக்கறது அதைவிட அதிகம். அதோட, இதை அழிச்ச பிறகு, புதுசு எடுத்து முடிக்கறதுக்குள்ள போன் அணைஞ்சுட்டா நம்ம கையில ஒண்ணுமே இருக்காது."

ஒன்றுமே இருக்காது என்ற சொல்லுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அழிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த போல்டரைத் திறந்து பார்த்தபோதுதான் டீச்சர் பயந்துபோனார். அம்மாவின் பாட்டுகள் வரிசையாக, தான் வைத்த தலைப்புகளோடு இருக்கும் என்று நினைத்திருந்தார். உள்ளே பூஜ்யங்களில் தொடங்கி எண்ணும் எழுத்துமாக நீளும் பெயரில் ஒரு போல்டர். அது அந்த போனின் அடையாள எண். அதற்குள் இரண்டிரண்டு எழுத்துப் பெயரில் நூற்றுக்கணக்கான குட்டி போல்டர்கள். சரியாகச் சொன்னால் 256. அவற்றுக்குள் நாற்பது எழுத்துப் பெயரில் ஆயிரக்கணக்கான கோப்புகள். பாட்டு எது, போட்டோ எது என்று ஒன்றும் தெரியாது. தட்டினால் திறக்காது. எது எங்கே என்ற கணக்கைத் தனியாக ஒரு கோப்பில் ஐடியூன்ஸ் எழுதி வைத்திருக்கிறது. போனில் திரும்ப ஏற்றினால்தான் அது மறுபடி பாட்டாகும்.

"இதுக்குள்ளயா அம்மா இருக்காங்க?" என்றார் டீச்சர்.

"இருக்காங்க அத்தை. அதனாலதான் இதுல ஒரு கோப்புகூடக் குறையக் கூடாது. பேரை மாத்தக் கூடாது. பாதியை மட்டும் தூக்கி வைக்கக் கூடாது. போல்டரோட அப்படியே போகணும்."

ஐடியூன்ஸை மூடச் சொன்னாள். போனிலிருந்து ஒயரை எடுத்து சுவர் சார்ஜரில் மாட்டச் சொன்னாள். டி டிரைவில் 'போன்பேக்கப்' என்று ஒரு புது போல்டர். பிறகு பேக்கப் போல்டர் மேல் வலது கிளிக். 'கட்' என்று ஒன்று, 'காப்பி' என்று ஒன்று. டீச்சரின் அம்பு கட் மேல் போய் நின்றது. வீடு மாற்றும்போது சாமானை எடுத்துக்கொண்டுதானே போவோம், நகல் எடுத்துக்கொண்டா போவோம் என்பது அவர் நியாயம்.

"காப்பி அத்தை, காப்பி. பாதி வழியில கரென்ட் போச்சுன்னா, கட் பண்ணினது அங்க பாதி இங்க பாதி நிக்கும். காப்பின்னா பழசு இருந்த இடத்துலயே இருக்கும்."

டெல்டா மாவட்டங்களில் மின்சாரத்தைப் பற்றி யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீச்சர் அம்பைக் கீழே இறக்கினார்.

பெரிய ஹார்ட் டிஸ்க் மெதுவானது என்று சொன்னோமே. பெரிய கோப்பு ஒன்று என்றால்கூட வேகமாகப் போயிருக்கும். குட்டிக் குட்டியாகப் பல ஆயிரம் கோப்புகள் என்பதால் இன்னும் மெதுவாகிவிட்டது. ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வைப்பதற்கும், அதையே ஆழாக்கு ஆழாக்காக அளந்து போடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. சார் போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

அந்த ஒரு மணி நாற்பது நிமிடமும் மருமகள் லைனை வெட்டவில்லை. அவள் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள், டீச்சர் இங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தார். பாட்டி முன்பெல்லாம் என்ன பாட்டுப் பாடுவார் என்று அவள் கேட்டாள். நடவு நடும்போது ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதை டீச்சர் சொன்னார். அம்மாவுக்குப் பதினைந்து வயதில் எடுத்துக் கொடுக்கும் இடம் கிடைத்ததாம். பெரியவர்கள் இருக்கும்போது சின்னப் பெண்ணுக்கு அது கிடைப்பது சாதாரணம் இல்லை. இந்தக் கதையைத் தன் மகனிடம்கூடத் தான் சொன்னதில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. அவன் கேட்டதில்லை. அவள் கேட்டாள்.

நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் பிராப்பர்ட்டீஸ் திறந்து எண்ணிக்கை பார்த்தார்கள். எத்தனை கோப்பு, எத்தனை போல்டர், எத்தனை பைட். ஓர் எண்கூட மாறாமல் ஒத்துப்போனது. சார் இரண்டையும் தாளில் எழுதி டிக் அடித்தார். மணியார்டர் கணக்குப் பார்த்த கை.

இனிமேல்தான் சூட்சுமம். சாமான் மாடிக்குப் போய்விட்டது. ஆனால் ஐடியூன்ஸுக்கு அது தெரியாது. அது பழைய இடத்துக்குத்தான் போகும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் புதிதாக ஒரு போல்டர் போட்டுக்கொண்டு மறுபடி சி டிரைவையே நிரப்பும். டெஸ்க்டாப்பில் வைப்போமே, அந்த மாதிரி ஒரு ஷார்ட்கட் போட்டு வைத்தால் ஆகாதா என்றார் டீச்சர். ஆகாது. ஷார்ட்கட்டை மனிதர் கிளிக் செய்தால் போகும். புரோகிராம் அதை ஒரு துண்டுச் சீட்டாகத்தான் பார்க்கும், வாசலாகப் பார்க்காது. அதற்கு விண்டோஸில் வேறு ஒரு வழி இருக்கிறது. பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு பொய் வாசல் வைப்பது. ஐடியூன்ஸ் அந்த வாசலுக்குள் காலை வைத்தால் நேரே டி டிரைவில் போய் நிற்கும். தான் இடம் மாறியதே அதற்குத் தெரியாது.

"ரீடைரக்ஷன்" என்றார் சார். குடிமாறிப் போனவர் எழுதிக் கொடுத்துவிட்டால், பழைய விலாசத்துக்கு வரும் தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அதைப் போல.

அந்த வாசலை வைக்கும் முன் பழைய போல்டரை நகர்த்த வேண்டும். ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது. அழிக்கவில்லை. 'பேக்கப் பழையது' என்று பெயரை மட்டும் மாற்றினார்கள். பிறகு 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்பு ஜன்னல். டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் திறந்தார்.

எம், கே, எல், ஐ, என், கே என்று ஆறு எழுத்தைச் சேர்த்து அடிக்க வேண்டும். ஓர் இடைவெளி. சாய்கோடு, அதை ஒட்டி ஜே. மறுபடி இடைவெளி. பிறகு பழைய இடத்தின் முழு விலாசம், இடைவெளி, புது இடத்தின் முழு விலாசம். மருமகள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, டீச்சர் ஒற்றை விரலால் அடித்தார். என்டர் தட்டினார். கட்டளையின் அமைப்பு தவறு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

டீச்சருக்குக் கை நடுங்கியது. "எதையாவது கெடுத்துட்டேனாம்மா?"

"ஒண்ணும் கெடலை அத்தை. அதுக்குப் புரியலை, அவ்வளவுதான். நீங்க அடிச்சதை மாமாவைக் கிட்டக் காட்டச் சொல்லுங்க."

சார் போனைக் கிட்டே கொண்டுபோனார். மருமகள் பார்ப்பதற்குள் டீச்சரே பார்த்துவிட்டார். 'ஆப்பிள் கம்ப்யூட்டர்' என்பது இரண்டு சொல். நடுவே ஓர் இடைவெளி. கறுப்பு ஜன்னலுக்கு இடைவெளி வந்தால் விலாசம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். முழு விலாசத்தையும் சேர்த்துப் படி என்று சொல்ல முன்னும் பின்னும் ஒரு குறி வேண்டும்.

"மேற்கோள் குறி போடலை" என்றார் டீச்சர்.

மேற்கோள் குறியைத் திறந்தால் மூட வேண்டும் என்று 34 வருடம் சிவப்பு மையில் சுழித்தவர். இரண்டு விலாசத்துக்கும் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி போட்டார். என்டர். இந்த முறை ஜங்ஷன் உருவாகிவிட்டது என்று ஒரு வரி. பழைய விலாசத்துக்கும் புது விலாசத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் அம்பு போட்ட ஒரு கோடு.

"ஜங்ஷனா?" என்றார் டீச்சர்.

"அதுக்குப் பேரே அதுதான் அத்தை."

டீச்சருக்கு அந்த நிமிடம்தான் எல்லாம் விளங்கியது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்குப் போகும் பாதையில் நீடாமங்கலம் ஜங்ஷன். அங்கேதான் மன்னார்குடிக்கு ரயில் பிரிகிறது. பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பவருக்குப் பாதை மாறியது தெரியாது. கண் விழித்தால் ஊர் வந்திருக்கும். சார் இன்னும் தபாலை விடவில்லை. தபாலில் திருப்பிவிட ஒரு ஆள் வேண்டும், இதில் ஆள் வேண்டாம், ஆகவே ரயில்தான் பொருத்தம் என்று டீச்சர் சொன்னது நியாயமாகத்தான் படுகிறது. அந்தத் தீர்ப்பை சார் இன்றுவரை ஏற்கவில்லை.

போல்டரைத் திறந்து பார்த்தார்கள். பழைய இடத்தில் 'பேக்கப்' என்ற பெயரில் ஒரு போல்டர், மூலையில் சின்ன அம்புக்குறியோடு நின்றது. உள்ளே போனால் அதே நீளமான எண். இருப்பது சி டிரைவில் போலத் தெரியும், உண்மையில் டி டிரைவில்.

போனை மறுபடி லேப்டாப்பில் மாட்டினார். போன் பாஸ்கோடு கேட்டது, கொடுத்தார். பட்டனை அழுத்தும் முன் மருமகள் நிறுத்தினாள். பக்கத்தில் 'என்கிரிப்ட்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் போட்டால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் உடல்நலக் கணக்குகளும் சேர்ந்து வரும். ஆனால் அதற்கு வைக்கும் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அந்த பேக்கப்பைத் திறக்க வழியே கிடையாது. "உங்களுக்கு எது முக்கியம் அத்தை?" டீச்சருக்குப் பாட்டு முக்கியம். டிக் போடவில்லை.

நீலக்கோடு ஓடியது. நேற்று நின்ற இடத்தைத் தாண்டியது. சார் டி டிரைவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலி இடம் குறைகிறது, குறைகிறது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். சி டிரைவ் அசையவில்லை. ராத்திரி எட்டரைக்கு முடிந்தது. 61 ஜிபி. ஐடியூன்ஸின் பிரிஃபரன்சஸில் 'டிவைசஸ்' என்ற பக்கத்தில் போனின் பெயரும் அன்றைய தேதியும் நேரமும் வந்திருந்தன.

பழைய 38 ஜிபியை அன்றைக்கும் அழிக்கவில்லை. மருமகள் விடவில்லை. போன் திரும்பி வந்து, பாட்டைக் காதால் கேட்ட பிறகுதான் அது போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இன்னொன்றும் சொன்னாள். டி டிரைவும் அதே லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. லேப்டாப் கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். இடம் மாற்றியதைப் பத்திரப்படுத்தியதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. திங்கட்கிழமை சார் கடைத்தெருவுக்குப் போய் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். டி டிரைவில் இருந்த போல்டரை அதிலும் ஒரு நகல் எடுத்து, பாட்டியின் பீரோவில், பட்டுப்புடவைக்குக் கீழே வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரில் டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை போன் திரும்பி வந்தது. அழித்துத்தான் கொடுத்திருந்தார்கள். திரையில் ஒவ்வொரு மொழியாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது, புதிதாகப் பிறந்த போன் மாதிரி. டீச்சர் ஒயரை மாட்டி, 'ரீஸ்டோர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்ததை அழுத்தினார். இந்த முறை யாருக்கும் போன் செய்யவில்லை. மாடிக்குப் போய் வடகம் காய வைத்துவிட்டு வந்தார். கோடு பாதியில் இருந்தது. திரும்ப ஒருமுறை போய்க் காக்கை ஓட்டிவிட்டு வந்தார்.

முடிந்ததும் வாய்ஸ் மெமோஸைத் திறந்தார். கீழே வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். தான் வைத்த தலைப்புகள். எண்ணினார். 212.

போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். எதைப் போடுவது என்று யோசிக்கவில்லை, விரல் பட்டதைப் போட்டார். நலங்குப் பாட்டு ஒன்று. பாட்டி முதலில் டீச்சரைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். பாட்டு எந்த இடத்தில் இழுபடுமோ அந்த இடம் வந்தபோது இடது கை போர்வையின் மேல் இரண்டு தட்டுத் தட்டியது. பாட்டு முடிந்ததும் மறுபடி அந்தக் கை போனைக் காட்டியது. இன்னொரு தடவை போடச் சொல்லி.

அன்று ராத்திரி பழைய 38 ஜிபியை டீச்சரே அழித்தார். சி டிரைவின் கோடு நீலமாகிவிட்டது. அம்புக்குறி போட்ட போல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் தொடக் கூடாது என லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். பிறகு, கேட்காமலேயே, மருமகளுக்கு ஒரு பாட்டை அனுப்பினார். 'நடவு - 3' என்று தலைப்பு. எடுத்துக் கொடுப்பதைப் பற்றிச் சொன்னோமே, கேட்டுப் பார்க்கட்டும் என்று.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அத்தை, நடுவுல யாரோ கேட்டைத் தட்டற சத்தம் கேக்குதே. பாட்டிகூடப் பாட்டை நிறுத்திட்டு, யாரு வந்திருக்கா பாருன்னு சொல்றாங்க. கொலுசு சத்தம்லாம் கேக்குது. யாரு அத்தை வந்தது?"

"தேதியைப் பாரு. போகி அன்னிக்கு. நீதான்மா. முதப் பொங்கலுக்கு வந்து இறங்கினே."